நேராகப் போகாத பந்து: லுவார் கரையில் ஒரு வாரம்

முதல் நாள், வெள்ளி

பாரிஸ் மோன்பர்னாஸில் ஏறி ஒன்றரை மணி நேரம் தூங்கினால் ஆன்ஜே வந்துவிடுகிறது. சித்தி நடைமேடையில் நின்றிருந்தாள். பதினோரு வருடம் கழித்துப் பார்க்கிறோம், கட்டிக்கொண்டு அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவளோ துணிப்பையைத் திறந்து, கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து என் காலடியில் வைத்தாள்.

"முப்பத்தெட்டுன்னு உங்கம்மா சொன்னா. போட்டுப் பாரு."

"வீட்ல போய்ப் போட்டுக்கறேனே சித்தி."

"வீட்டுக்கு இல்லடி. சொசியெத்தேவுக்கு, பந்தாட்டச் சங்கத்துக்கு. நாளைக்கு உன்னைக் கூட்டிட்டு வர்றதா சித்தப்பா சொல்லி வெச்சுட்டாரு."

சித்தப்பா இந்த ஆன்ஜூ சீமைக்காரர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை மூன்று: சாப்டியா, போதும், ஐயோ. குடும்ப வாழ்க்கைக்கு இந்த மூன்றே தாராளம் என்பது சித்தியின் கருத்து. எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்தக் காகிதங்களின் தயவில் சித்தி புதுச்சேரியிலிருந்து இங்கே வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

ஆன்ஜேவிலிருந்து சோமூர் பக்கம், ஆற்றங்கரை மேட்டின் மேலேயே சாலை போகிறது. ஒரு பக்கம் லுவார், மறுபக்கம் கீழே பள்ளத்தில் வீடுகள். செப்டம்பரில் தண்ணீர் வற்றி, ஆற்றின் நடுவே மணல்திட்டுகள் வெளுத்துக் கிடந்தன. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டார். "எழுதினால் வந்துவிடுவார்கள்" என்றார். யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு மேரி (புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு, நகராட்சி மன்றம்). காபிக்கடை மூடிப் பல வருடம் ஆயிற்றாம். கண்ணாடியில் இன்னும் ஐஸ்கிரீம் விலைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது. வீடுகள் எல்லாம் துஃபோ என்ற வெண்கல்லில் கட்டியவை. நகத்தால் கீறினால் மாவு உதிர்கிறது, கீறிப் பார்த்துவிட்டேன். கூரைக்குக் கறுப்புப் பலகைக்கல். அது ஆன்ஜேவுக்குப் பக்கத்திலுள்ள த்ரெலாசே சுரங்கங்களிலிருந்து வந்தது. அவற்றை 2013இல் மூடிவிட்டார்கள்.

இரண்டாம் நாள், சனி

அப்பா புதுச்சேரியில் பெத்தாங்க் ஆடுவார். சின்ன வயதில் மாலை நேரங்களில் அவர் இரும்புக் குண்டுகளைத் துணியால் துடைத்துக் கொடுத்தவள் நான். பிரெஞ்சுக்காரர்களின் பந்தாட்டம் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற மிதப்பில்தான் இன்று போனேன்.

இங்கே ஆடுவது பெத்தாங்க் இல்லை. இதன் பெயர் புல் தெ ஃபோர். குறில் போட்டுத்தான் எழுதுகிறேன். நெடில் போட்டால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மென்-எ-லுவார் மாவட்டம்தான் இதற்குத் தாய்வீடு. சுற்றியுள்ள நான்கைந்து மாவட்டங்களிலும் கொஞ்சம் பரவியிருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் பிரெஞ்சுக்காரர்களுக்கே தெரியாது. பாரிஸில் இருக்கும் என் தோழி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், "என்னது, செருப்பு போட்டுக்கொண்டு ஆடுவார்களா?" என்று போனில் சிரித்தாள்.

வெளியிலிருந்து பார்த்தால் நெல் கிடங்கு மாதிரி ஒரு நீளக் கட்டிடம். கதவைத் தள்ளினால் முதலில் ஒரு கூடம்: மதுக்கடை மேசை, கோப்பைகள், சுவர் நிறையச் செத்துப்போன உறுப்பினர்களின் குழுப்படங்கள். சித்தப்பாவின் அப்பா ஒன்றில், அவருடைய தாத்தா இன்னொன்றில். இதைத்தான் சொசியெத்தே என்கிறார்கள். சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 1901ஆம் வருடத்துச் சங்கச் சட்டப்படி பதிவு, ஆண்டுச் சந்தா, தலைவர், பொருளாளர், சண்டை எல்லாம் உண்டு. இப்படிச் சில நூறு சங்கங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஓர் உறுப்பினர் கூட்டி வந்தால்தான் வெளியாள் உள்ளே வரலாம்.

சுவரோரம் மர அடுக்கு. அதில் எழுபது, எண்பது ஜோடி வீட்டுச் செருப்புகள். மாதா கோயில் வாசலில்கூட இத்தனை செருப்பை ஒழுங்காக அடுக்கி நான் பார்த்ததில்லை. வெளிச் செருப்பைக் கழற்றி இதை மாட்டிக்கொண்டால்தான் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போக முடியும்.

அந்தப் பக்கம் களம். இருபது மீட்டருக்கு மேல் நீளம், ஆறு மீட்டர் அகலம் இருக்கும். ஆனால் தட்டை இல்லை. நடு பள்ளம், இரண்டு ஓரமும் மேடு. பெரிய வள்ளத்தின் உட்புறத்தை அப்படியே நீட்டி வைத்தது போல. முன்பு மண் தரையாம். இப்போது ரெசின் பூசி, விரலால் தடவினால் பீங்கான் தட்டு மாதிரி வழுக்குகிறது. அந்தத் தரையில் ஒரு கீறல் விழக்கூடாது என்பதற்குத்தான் செருப்பு.

பந்தைக் கையில் கொடுத்தார் சித்தப்பா. ஒரு கிலோவுக்கு மேல் எடை. உருண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் லேசாகச் சீவியது போல் இருக்கிறது, நடுவில் இரும்புப் பட்டை ஓடுகிறது. உருள்வது அந்தப் பட்டையின் மேல். சீவிய இரண்டு பக்கங்களில் ஒன்று கனம், மற்றது லேசு. கனப்பக்கம்தான் ஃபோர். ஆட்டத்துக்கே அந்தப் பெயர்தான்.

"எந்தப் பக்கம் கனம், சொல்."

கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. தரையில் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து நேராகக் கிளம்பியது, வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கடைசியில் வளைந்து வந்து என் செருப்பில் முட்டி நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி அதே பக்கம்.

"இது நேராகப் போகவே போகாது" என்றார். "அதனால் எங்கே வர வேண்டுமோ அந்த இடத்தைப் பார்க்காதே."

குறி வைக்கும் சின்னப் பந்துக்கு மேத்ர் என்று பெயர். எசமான், வாத்தியார் இரண்டு அர்த்தமும் வரும். பெத்தாங்கில் அதே சின்னப் பந்துக்குப் பன்றிக்குட்டி என்று பெயர். இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதிலேயே தெரிந்துவிட்டது. யாருடைய பந்து மேத்ருக்குக் கிட்டே நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. அவ்வளவுதான் விதி.

பிறகு பெரியவர்கள் ஆட ஆரம்பித்தார்கள். ஒருவர் குனிந்து, முழங்காலை மடித்து, தூங்கும் குழந்தையைப் பாயில் விடுவது போலப் பந்தைத் தரையில் விட்டார். அது இடப்பக்க மேட்டில் ஏறியது. ஏறி, யோசித்து, இறங்கி, நடுப்பள்ளத்தைக் கடந்து வலப்பக்கம் போய், அங்கேயும் கொஞ்சம் ஏறியது. இரும்புப் பட்டை தரையில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பந்தை விட்டவர் அதன் பின்னாலேயே செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். உடம்பை வலப்பக்கம் வளைத்தார், தோளைத் தூக்கினார், "வா, வா, வா… போதும், போதும்" என்று அதனிடம் முனகினார். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது வினாடி. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் பதினைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பந்து நிற்பதற்காகக் காத்திருந்தோம். நின்றது. மேத்ருக்கு ஒரு சாண் தூரத்தில். அதற்குப் பிறகுதான் எல்லோரும் இருமினார்கள்.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே மூன்று விளம்பரம் பார்த்த கண். எனக்கு முதல் அரைமணி நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். சித்தி கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். "நீ போ" என்றாள். இன்று காலை பேக்கரிக்குப் போகும் வழியில் காரணம் கேட்டேன்.

"நான் இந்த ஊருக்கு வந்தப்போ பொம்பளைங்க உள்ள போகவே கூடாது. ஆம்பளைங்க சங்கம். வருஷத்துல ஒரு நாள் விருந்து, அன்னிக்கு மட்டும் வரலாம், சமைச்சதை எடுத்துட்டு. எனக்கு என்னவோ நான் கறுப்பா இருக்கறதால விடலைன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் பாத்தா மேயர் பொண்டாட்டியையும் விடலை. மனசு ஆறிடுச்சு."

சில பத்தாண்டுகள் முன்புவரை இந்தப் பக்கத்தில் பல சங்கங்கள் அப்படித்தான் இருந்திருக்கின்றன. பிறகு ஆள் குறைந்தது. இளைஞர்கள் ஆன்ஜேவுக்கும் நான்த்துக்கும் போனார்கள். சந்தா வேண்டும், கூரையைப் பழுது பார்க்க வேண்டும். பெண்களைச் சேர்த்தார்கள். பெருந்தன்மையைவிடக் கணக்குப்புத்தகம்தான் கதவைத் திறந்திருக்கும் என்பது என் ஊகம். சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை.

"இப்பத்தான் விடறாங்களே, போயேன்."

"அம்பது வயசுக்கு மேல போயி எதுக்கு? அவங்க விட்டாங்கங்கறதுக்காக ஓடணுமா?" என்றாள். ஆனால் செருப்பு அடுக்கில் அவள் பெயர் எழுதிய ஜோடி ஒன்று இருப்பதை நேற்று நான் பார்த்துவிட்டேன். அடிப்பாகம் தேயவே இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

பேக்கரியில் நுழைந்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு "போன்ஜூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் ரொட்டி கேட்டால், ரொட்டி கிடைக்கும், ஆனால் நீங்கள் யார் என்பது அன்று மாலைக்குள் முடிவாகிவிடும். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை தெருவில் நாய்கூட இல்லை. சாப்பாடு.

மதியம் தூயே-லா-ஃபோந்தேன் பக்கம் குகைக்குள் இருக்கும் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். வெண்கல்லை வெட்டி எடுத்த பள்ளங்களில் இங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருக்கிறார்கள். இப்போது அவற்றில் காளான் வளர்க்கிறார்கள், ஒயின் வைக்கிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். விறகு அடுப்பிலிருந்து ஃபுவே வந்தது. உள்ளங்கை அளவு மைதா ரொட்டி, அடுப்பில் போட்டதும் பூரி மாதிரி உப்புகிறது. சூட்டோடு பிளந்து உள்ளே வெள்ளை பீன்ஸோ, பன்றிக்கறி விழுதோ, ஆட்டுப் பாலாடைக்கட்டியோ அடைத்துத் தின்ன வேண்டும். ஆறு தின்றேன். "போதும்" என்றார் சித்தப்பா, தமிழில்.

நான்காம் நாள், திங்கள்

எல்லாம் மூடியிருக்கும் நாள். ஆன்ஜே கோட்டைக்குப் போனோம். 17 கோபுரங்கள், கறுப்பும் வெளுப்புமாகக் கல் வரிகள். உள்ளே 14ஆம் நூற்றாண்டில் நெய்த அப்போகலிப்ஸ் திரைச்சீலை, 100 மீட்டர் நீளம் இன்னும் மிச்சம். உலகம் அழியும் காட்சிகள். ஏழு தலை மிருகத்தை நெய்தவர் அதை ரசித்து நெய்திருக்கிறார் என்று தோன்றியது. இருட்டில் நடந்து கண் வலித்தது. கோட்டையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு திருத்தம்: பந்து எதனால் ஆனது என்று சனிக்கிழமை எழுதவில்லை. முன்பு மரம், இப்போது பெரும்பாலும் செயற்கைப் பொருள். சித்தப்பாவின் அப்பா வைத்திருந்த மரப்பந்து வீட்டுக் கணப்புக்கு மேலே இருக்கிறது. வெயிலில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. சித்தி அதன் மேல் வெள்ளிக்கிழமைதோறும் விபூதிக் கிண்ணம் வைக்கிறாள், ஏனென்றால் "அது உருளாம நிக்கிற மாதிரி ஒரு பக்கம் தட்டையா இருக்கு".

ஐந்தாம் நாள், செவ்வாய்

ஆன்ஜேவைத் தாண்டி மேற்கே பெயுவார் போனோம். லுவார் ஆற்றுத் தீவின் மேல் ஒரு குட்டி ஊர். நடுவே ஒரு பாறை, அந்தப் பாறை மேல் 15ஆம் நூற்றாண்டில் பதினோராம் லூயி கட்டிய மாதா கோயில். உள்ளே போனால் சுவரின் ஒரு பகுதி பாறையேதான். படகோட்டிகள் வேண்டிக்கொள்ளும் இடம்.

வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வந்த வருடங்களைக் கோடு கிழித்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1910 என் தலைக்கு மேலே இருந்தது. 1982 தோளுக்கு. பக்கத்தில் நின்று சித்தியை ஒரு படம் எடுத்தேன்.

இந்த ஆட்டத்தை லுவார் படகோட்டிகள் கண்டுபிடித்ததாக ஒரு கதை. காற்று அடிக்காத நாட்களில் பாய்மரப் படகு நகராது. காலியான படகின் வயிற்றில் பந்து உருட்டிப் பொழுது போக்கினார்கள், அதனால்தான் களம் படகு மாதிரி வளைந்திருக்கிறது என்கிறார்கள். காகிதச் சான்று யாரும் காட்டவில்லை. ஆனால் ரயில் 1849இல் ஆன்ஜேவுக்கு வந்து சேர்ந்த பிறகு ஆற்றுப் போக்குவரத்து படிப்படியாக அழிந்ததும், அந்த நூற்றாண்டில் இந்தச் சங்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்ததும் உண்மை. கரையில் தட்டையான அடிப்பாகம் கொண்ட பழைய மரப்படகு ஒன்று கட்டிக் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். பந்து உருட்ட அதில் இடமில்லை, அடியும் வளைவில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். "ஐயோ" என்றார்.

ஆறாம் நாள், புதன்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மாவுக்கு எப்படியும் வீடியோ போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

மூன்று நாளாக மாலையில் பழகியிருந்தேன். என் கோளாறு என்னவென்று எனக்கே தெரியும். பெத்தாங்க் எறிகிற ஆட்டம். 1900களின் தொடக்கத்தில் மார்செய் பக்கத்து லா சியோத்தாவில், மூட்டுவாதத்தால் ஓடி வந்து எறிய முடியாத ஒருவருக்காக, காலை ஊன்றி நின்றபடி எறியலாம் என்று விதி மாறி அது பிறந்தது. அதில் பந்து கையை விட்டதும் சட்டென்று முடிந்துவிடும். அப்பாவிடம் கற்ற மணிக்கட்டுச் சுழற்றல் இங்கே கெடுதல். இங்கே தள்ளக்கூடாது, விட வேண்டும். நான் தள்ளினேன். பந்து மேட்டில் ஏறி, அங்கிருந்து வழுக்கி, மேத்ரைத் தாண்டி, கோடியில் போய்ச் சுவர்ப்பலகையில் மோதியது. ஒவ்வொரு முறையும்.

இன்றைய ஆட்டத்தில் நானும் சித்தப்பாவும் ஒரு பக்கம். எதிரே பேக்கரிக்கார அம்மாவும் அவருடைய மாமியாரும். மாமியாருக்கு எழுபத்தொன்பது வயது. மாமியாரும் மருமகளும் ஒரே அணியில் நிற்பதைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பாட்டி பந்தை விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். பந்து அது பாட்டுக்கு ஊரெல்லாம் சுற்றி வந்து மேத்ர் பக்கத்தில் உட்காரும். சித்தப்பா அருமையாக ஒன்று வைத்தார், மேத்ருக்கு நாலு விரல் தூரம். மருமகள் வேகமாக ஒன்றை உருட்டிவிட்டு அதை அடித்துத் தூக்கினாள்.

முடிந்தபோது எங்கள் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை.

கூடத்தில் ஒரே சிரிப்பு. யாரோ மணியடித்தார்கள். சுவரில் சின்ன அலமாரி ஒன்று, இரண்டு கதவு போட்டது. மாதா சுரூபம் இருக்கும் என்று ஐந்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்தார்கள். உள்ளே ஃபானி. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைக் காட்டி, தோளுக்கு மேலாகத் திரும்பிச் சிரிக்கிற ஒரு பெண்ணின் படம். புள்ளியே எடுக்காமல் தோற்றவர்கள் அதற்கு முத்தம் கொடுக்க வேண்டும். பெத்தாங்கிலும் இந்த வழக்கம் உண்டு, 13க்கு பூஜ்யம் தோற்றால். அப்பா ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

ஆண்கள் சங்கத்தின் நகைச்சுவை அது. ஒரு பெண்ணைப் பார்த்து அந்த அலமாரிக்குள் முகத்தை நீட்டி முத்தம் கொடு என்றால் எனக்கு வேறு விதமாகத்தான் இருந்தது. தயங்கினேன். அப்போது பாட்டி என் காதருகே வந்து, "நான் இதுவரை இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன், கண்ணாடி எப்போதும் ஜில்லென்று இருக்கும்" என்றார். சித்தப்பா முதலில் குனிந்தார், அவருக்கு இது நான்காவது முறையாம். பிறகு நான். கண்ணாடி ஜில்லென்றுதான் இருந்தது.

சிரிப்புச் சத்தத்தில் திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே சித்தி. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. காலில் அவள் பெயர் எழுதிய செருப்பு.

"உன் மூஞ்சி சரியா விழல. அதான் உள்ள வந்தேன்" என்றாள்.

தோற்றவர்கள் ஒயின் வாங்கித் தர வேண்டும். இங்கே சின்ன பாட்டிலுக்கு ஃபியெத் என்று பெயர், சிறுமி என்று பொருள். ஆறு சிறுமிகள் ஆயின. வெள்ளை ஒயின், ஷெனேன் திராட்சை. பேக்கரிக்கார அம்மா அறுவடைக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசினார். ஒருவர் பெலோத் சீட்டுக்கட்டைப் பிரித்தார். மருத்துவர் இல்லாத ஊருக்கு வாரம் ஒருநாளாவது யாரை வரவழைப்பது என்று சண்டை நடந்தது. மேரியில் பேச வேண்டியதெல்லாம் இங்கேதான் முதலில் பேசுகிறார்கள் போலிருக்கிறது. சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு பேசுவதில்லை என்று தமிழில் வர்ணனை கொடுத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே வராதவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஏழாம் நாள், வியாழன்

நான்கு மணி ரயில். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சங்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். செருப்பை ஊருக்கு எடுத்துப் போவதா, அடுக்கில் வைப்பதா என்று காலையிலிருந்து குழப்பம். கடைசியில் சித்தியின் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தேன். சித்தப்பா பேனா எடுத்து என் பெயரை எழுதினார். ஒரு எழுத்தைத் தப்பாக.

போய் வருகிறேன் என்று சொல்லக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். பாட்டி அப்போதுதான் பந்தை விட்டிருந்தார். ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் முதுகு என் பக்கம். பந்து இடப்பக்க மேட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பேசலாமா என்று சித்தப்பாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினார், கூடாது என்று.

"ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று சித்தி கிசுகிசுத்தாள். ஆனால் அவளும் நகரவில்லை. பந்து மேட்டின் உச்சியில் இருந்தது, இன்னும் இறங்கத் தொடங்கவில்லை.